குறிலும் நெடிலும்: வடிவொத்த முக்கோணம் பிடிபட ஒரு வழி

பத்தாம் வகுப்பு வடிவியல் பாடம் தொடங்கும் மாதத்தில் எங்கள் ஆதம்பாக்கம் மொட்டை மாடியில் கூட்டம் கொஞ்சம் கூடிவிடும். நான் டியூஷன் சென்டர் நடத்துபவன் இல்லை. அபார்ட்மெண்ட்டில் இருக்கும் நாலைந்து பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்கு சொல்லிக் கொடுப்பேன், அவ்வளவுதான். வருடா வருடம் ஒரே காட்சி. கோ-கோ, ப-கோ-ப, ப-ப-ப (கோ என்றால் கோணம், ப என்றால் பக்கம்) என்று மூன்று விதிமுறைகளையும் கந்தசஷ்டிக் கவசம் மாதிரி தடையில்லாமல் ஒப்பிப்பார்கள். "சரி, இரண்டு முக்கோணம் வடிவொத்தவைன்னா என்ன?" என்று கேட்டால் "பார்க்க ஒரே மாதிரி இருக்கும் அங்கிள்" என்று பதில் வரும். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஜாதகப் பொருத்தமா பார்க்கிறோம்?

அதனால் நான் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் ஒரு படத்தைப் பெரிதாக்குவது, சிறிதாக்குவது. விதிமுறையெல்லாம் அப்புறம். ஆங்கிலத்தில் இதை டைலேஷன் என்பார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வடிவொப்புமையை டைலேஷனிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நம் பக்கத்தில் அந்தப் பெயர் அவ்வளவாகக் காதில் விழாது, ஆனால் வரைதல் கணக்கில் "அளவு காரணி" என்று ஒன்று வருகிறதே, அது இந்த வீட்டுப் பிள்ளைதான்.

ஒரு சின்ன ஏற்பாடு. புத்தகத்தில் புள்ளிகளுக்கு ஆங்கில எழுத்து இருக்கும், இங்கே தமிழ் எழுத்து. மூலப் படத்தின் முனைகள் குறில்: க, த, ப. பெரிதாக்கிய படத்தின் முனைகள் நெடில்: கா, தா, பா. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று ஆறாம் வகுப்பில் படித்தது ஞாபகம் இருந்தால், அளவு காரணி 2 என்பதும் ஏற்கெனவே தெரிந்த கதைதான்.

முதல் படி: டார்ச்சை எடுங்கள்

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு முக்கோணம் வெட்டிக்கொள்ளுங்கள். அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைச் சுவரிலிருந்து 150 செ.மீ. தள்ளி வையுங்கள். அட்டையை டார்ச்சிலிருந்து 50 செ.மீ. தூரத்தில், சுவருக்கு இணையாகப் பிடியுங்கள். நிழலின் பக்கத்தை ஸ்கேல் வைத்து அளந்தால் அட்டையின் பக்கத்தைப் போல மூன்று மடங்கு வரும், 150-ஐ 50-ஆல் வகுத்தால் 3 என்பதால். விளிம்பு கொஞ்சம் மங்கலாகத்தான் விழும், போன் டார்ச் சரியான புள்ளி விளக்கு கிடையாது, அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். கோணமானி வைத்து நிழலின் கோணத்தைப் பாருங்கள். அட்டையில் 50 டிகிரி என்றால் சுவரிலும் 50 டிகிரிதான், 150 ஆகாது. சிரிக்காதீர்கள், தேர்வில் கோணத்தையும் சேர்த்துப் பெருக்கி வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது அட்டையை லேசாகச் சாயுங்கள். நிழல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், கோணமெல்லாம் மாறிவிடும். தெருமுனை ஃபிளெக்ஸ் பேனரில் இடம் மிச்சமிருக்கிறதென்று பக்கவாட்டில் மட்டும் இழுத்து ஒட்டிய முகம் எப்படி இருக்கும்? அது பெரிதானது, ஆனால் வடிவொத்தது இல்லை. எல்லாத் திசையிலும் ஒரே மடங்காகப் பெரிதானால்தான் கணக்கில் சேரும்.

இரண்டாம் படி: கிராஃப் தாள்

டார்ச் இருந்த இடம்தான் மையம். மூன்று மடங்கு என்பது அளவு காரணி. இந்த இரண்டையும் சொல்லிவிட்டால் டைலேஷன் முழுசாகத் தீர்மானமாகிவிடும்.

ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்ட தாளில் க (1, 1), த (3, 1), ப (1, 4) என மூன்று புள்ளி வைத்துச் சேருங்கள். மையம் ஆதிப்புள்ளி, அளவு காரணி 2 என்றால் கா (2, 2), தா (6, 2), பா (2, 8). அதையும் சேருங்கள். கத 2 செ.மீ., காதா 4. கப 3, காபா 6. சாய்ந்த பக்கம் தப √13, அதாவது ஏறக்குறைய 3.6 செ.மீ., ஸ்கேலை வைத்தால் தாபா 7.2 காட்டும். ஆதிப்புள்ளியிலிருந்து க வழியாக ஒரு கோடு இழுத்தால் அது நேராகக் காவில் போய் முட்டும், மற்ற இரண்டும் அப்படியே. தப, தாபா இரண்டும் இணை, இரண்டின் சாய்வும் −3/2. மையம் வழியாகப் போகாத எந்தக் கோடும் பெரிதாக்கிய பின் தனக்கு இணையான இன்னொரு கோடாகத்தான் மாறும். மையம் வழியாகப் போகும் கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த இணை விஷயத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

மையம் ஆதிப்புள்ளியாக இல்லாவிட்டால்தான் வழுக்குவார்கள். மையம் (2, 1), புள்ளி (5, 3), அளவு காரணி 2. பாதிப் பேர் யோசிக்காமல் (10, 6) என்று எழுதுவார்கள், தப்பு. மையத்தில் நின்றுகொண்டு எண்ணுங்கள்: புள்ளிக்குப் போக வலது பக்கம் 3 கட்டம், மேலே 2 கட்டம். அதை இரட்டிப்பாக்கினால் வலது 6, மேலே 4. மையத்திலிருந்து அவ்வளவு தூரம் நடந்தால் (8, 5). பெருக்க வேண்டியது மையத்திலிருந்து உள்ள தூரத்தை, புள்ளியின் விலாசத்தை இல்லை.

அளவு காரணி 0-க்கும் 1-க்கும் நடுவில் என்றால் படம் சுருங்கும். சரியாக 1 என்றால் ஒன்றும் நடக்காது. குறை எண்ணாக இருந்தால் படம் மையத்துக்கு அந்தப் பக்கம் போய்த் தலைகீழாக விழும். இது பாடத்தில் இல்லையே என்று தள்ளிவிடாதீர்கள், வேறு வேஷத்தில் வரும்.

மூன்றாம் படி: இப்போதுதான் வரையறை

ஒரு முக்கோணத்தைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ, தேவைப்பட்டால் நகர்த்தி, திருப்பி, கவிழ்த்து, இன்னொன்றின் மேல் பிசகில்லாமல் உட்கார வைக்க முடிந்தால் இரண்டும் வடிவொத்தவை. பெரிதாக்க வேண்டிய தேவையே இல்லாமல் உட்கார்ந்தால் சர்வசமம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதிலிருந்து விதிமுறைகள் தானாக வந்துவிடும். கோ-கோவை எடுத்துக்கொள்வோம். சின்ன முக்கோணத்தில் இரண்டு கோணங்கள் 50, 60 டிகிரி, நடுவில் இருக்கும் பக்கம் 4 செ.மீ. பெரியதிலும் அதே 50, 60, நடுப் பக்கம் 10 செ.மீ. சின்னதை 2.5 மடங்கு பெரிதாக்குங்கள். கோணம் மாறாது, பக்கம் 10 ஆகிவிடும். இப்போது இரண்டு கோணமும் நடுப் பக்கமும் சமம், கோ-ப-கோ படி சர்வசமம், வேலை முடிந்தது. மற்ற இரண்டு விதிமுறைகளுக்கும் இதே தந்திரம்தான், ஒரு பக்கம் சமமாகும் வரை ஊது, பிறகு சர்வசமத்தைக் காட்டு. ப-கோ-பவில் கோணம் அந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எல்லா உருவத்துக்கும் கோணம் பார்த்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். சதுரத்துக்கும் செவ்வகத்துக்கும் நான்கு கோணமும் 90 தான், ஆனாலும் அவை வடிவொத்தவை இல்லை. முக்கோணத்துக்கு மட்டும் கிடைத்த சலுகை இது.

எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் பரங்கிமலை தெரியும். 1802-இல் வில்லியம் லாம்ப்டன் என்ற பிரிட்டிஷ் நில அளவையாளர் அந்த மலைக்குப் பக்கத்தில் சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள நேர்கோடு ஒன்றைச் சங்கிலி வைத்து அளந்தார். இந்தியத் துணைக்கண்டத்தை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய நில அளவைக்கு அதுதான் தொடக்கம். அதற்குப் பிறகு பெரும்பாலும் கோணம் அளக்கிற வேலைதான், எப்போதாவதுதான் சரிபார்க்க இன்னொரு கோட்டைத் தரையில் அளந்தார்கள். எப்படி முடிந்தது என்றால், இரண்டு கோணம் தெரிந்தால் முக்கோணத்தின் வடிவம் முடிவாகிவிடும், ஒரு பக்கத்தின் நீளம் தெரிந்தால் அளவும் முடிவாகிவிடும். கோ-கோவும் அளவு காரணியும். வெயிலில் மலை ஏறத் தயங்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள், லாம்ப்டனுக்கு அங்கே ஒரு சிலை இருக்கிறது.

ப-ப-பவில் ஒரு பொறி. பக்கங்கள் 4, 6, 8 கொண்ட முக்கோணமும் 9, 12, 6 கொண்ட முக்கோணமும் வடிவொத்தவையா? கொடுத்த வரிசையிலேயே வகுத்தால் இல்லை என்று வரும். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி வகுத்தால் 4/6, 6/9, 8/12, மூன்றும் 2/3. வடிவொத்தவை. 4, 6, 8 உடன் 6, 8, 10 எப்படி? எல்லாப் பக்கத்திலும் 2 கூடியிருக்கிறது, ஆனால் 4/6-உம் 6/8-உம் சமமில்லை. கூட்டினால் வடிவம் கெடும், பெருக்கினால்தான் நிற்கும்.

நான்காம் படி: எழுத்து வரிசை

முக்கோணம் கதப ~ முக்கோணம் சடல என்று எழுதினால் க-வுக்கு ச, த-வுக்கு ட, ப-வுக்கு ல ஜோடி என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். படத்தை மறுபடி பார்க்காமலே விகிதங்களை இதிலிருந்து எடுக்கலாம். வரிசையைத் தப்பாக எழுதினால் கீழே உள்ள அத்தனை வரியும் போச்சு.

இது மாட்டிக்கொள்ளும் இடம் பட்டாம்பூச்சிப் படம். மேலே கத என்று ஒரு கோடு, கீழே அதற்கு இணையாகச் சட. மேல் இடது மூலை க, மேல் வலது த, கீழ் இடது ச, கீழ் வலது ட. கட, தச இரண்டும் நடுவில் ம என்ற புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன. பிள்ளைகள் இடதுக்கு இடது, வலதுக்கு வலது என்று பார்த்து மகத ~ மசட என்று எழுதிவிடுவார்கள். சரியானது மகத ~ மடச. க-விலிருந்து ம வழியாக நேராக நடந்தால் எங்கே போய்ச் சேருகிறீர்கள்? ட-வில். அதுதான் ஜோடி. மக 4, மட 6, கத 8 என்றால் சட 12. குறை எண் அளவு காரணி வேறு வேஷத்தில் வரும் என்று சொன்னேனே, மையம் ம, படம் அந்தப் பக்கம் தலைகீழாக விழுந்திருக்கிறது, அளவு காரணி −3/2.

ஐந்தாம் படி: எல்லோரும் விழும் குழி

அடிப்படை விகிதசமத் தேற்றம், தேல்ஸ் தேற்றம் என்றும் சொல்வார்கள். முக்கோணம் கதப, உச்சி க. கத மேல் ம, கப மேல் ந, மந என்ற கோடு அடிப்பக்கம் தபவுக்கு இணை. தேற்றம் சொல்வது: கம/மத = கந/நப.

போன வருடம் ஒரு பையனின் நோட்டில் இருந்ததை அப்படியே சொல்கிறேன். கம = 3, மத = 6, தப = 12, மந என்ன? அவன் 3/6 = மந/12 என்று போட்டு மந = 6 என்று அழகாக இரண்டு கோடு வேறு இழுத்திருந்தான். விடை 4. தேற்றத்தில் வரும் 3/6 மேல் துண்டுக்கும் கீழ்த் துண்டுக்கும் உள்ள விகிதம். கீழ்த் துண்டு மத எந்த முக்கோணத்துக்கும் பக்கம் இல்லை! படத்தில் இருப்பவை இரண்டு முக்கோணங்கள், சின்னது கமந, பெரியது கதப. சின்னதன் பக்கம் 3, பெரியதன் பக்கம் 3 + 6 = 9. மையம் க, அளவு காரணி 9/3 = 3. எனவே மந-வின் மூன்று மடங்கு 12.

இதற்கு நான் சொல்லும் மருந்து ஒன்றே ஒன்று. இணைக்கோட்டின் நீளம் கேள்வியில் வந்தால் இரண்டு முக்கோணத்தையும் பிரித்துத் தனித்தனியாக வரைந்து அளவு எழுதுங்கள். அரை நிமிஷம் ஆகும். அந்தப் பையனுக்கு அதை நாலு தடவை சொன்னேன். ஐந்தாவது தடவைக்கு அவனே பிரித்து வரைந்துவிட்டு என்னை முறைத்தான்.

ஆறாம் படி: வரைதல்

சமச்சீர் பாடத்தில் படிப்பவர்களுக்கு இது 8 மதிப்பெண் சமாச்சாரம், பயப்பட ஒன்றும் இல்லை. கொடுத்த முக்கோணம் கதப, அளவு காரணி 3/5 என்று வைத்துக்கொள்ளுங்கள். த-விலிருந்து, தப கோட்டுக்குக் கீழே, ஒரு குறுங்கோணத்தில் கதிர் ஒன்று இழுங்கள். காம்பஸை ஒரே அளவில் வைத்துக் கதிரில் ஐந்து வெட்டு. ஐந்தாவது வெட்டைப் ப-வோடு சேருங்கள், மூன்றாவது வெட்டிலிருந்து அதற்கு இணைகோடு வரைந்தால் அது தபவை ஓர் இடத்தில் வெட்டும். அந்த இடத்திலிருந்து பக-வுக்கு இணையாக ஒரு கோடு, கதவில் போய் முட்டும். முடிந்தது.

7/4 என்றால் ஏழு வெட்டு, நான்காவதைப் ப-வோடு சேர்க்க வேண்டும், ஏழாவதிலிருந்து இணைகோடு, தப, தக இரண்டையும் நீட்டிக்கொள்ள வேண்டும். பகுதியில் இருக்கும் எண்ணைச் சேர், தொகுதியில் இருக்கும் எண்ணிலிருந்து இணை. இரண்டு எண்ணில் எது பெரியதோ அத்தனை வெட்டு. மறந்துபோனால் கூட, மையம் த, படம் சுருங்க வேண்டுமா விரிய வேண்டுமா என்று யோசித்தால் தப்பு நடந்திருப்பது தெரிந்துவிடும். 3/5 போட்டுவிட்டுப் பெரிய முக்கோணம் வந்திருந்தால் ரப்பரைத் தேடுங்கள்.

ஏழாம் படி: பரப்பளவுக்கு ஜெராக்ஸ் கடை

முதலில் வரைந்த கிராஃப் படத்துக்குப் போங்கள். கதப-வின் பரப்பு 3 சதுர செ.மீ., காதாபாவின் பரப்பு 12. பக்கம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. சுற்றளவு நீளம்தானே, அது இரண்டு மடங்குதான்.

ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளை ஏ3 ஆக்கச் சொன்னால் மெஷினில் 141 சதவீதம் என்று போடுவார்கள். ஏ3 தாளின் பரப்பு ஏ4-இன் இரண்டு மடங்கு, அப்படியிருக்க 200 போடாமல் ஏன் 141? மெஷின் கேட்பது நீளத்துக்கான அளவு காரணியை, பரப்பு இரட்டிக்க நீளம் √2 மடங்கு ஆனால் போதும். 210 மி.மீ. 297 ஆகும், 297 மி.மீ. 420 ஆகும். ஃபிளெக்ஸ் அடிக்கிறவர்களுக்கு இது பழகிய கணக்கு, சதுர அடிக்கு இவ்வளவு என்று வாங்குவதால் இரண்டுக்கு மூன்றடி பேனரை நாலுக்கு ஆறு ஆக்கினால் பில் நான்கு மடங்கு வரும். தேர்வில் பரப்புகளின் விகிதம் 4 : 9 என்று கொடுத்துப் பக்கத்தைக் கேட்டால் வர்க்கமூலம் எடுத்து 2 : 3 என்று எழுதிவிட்டுப் பிறகு ஆரம்பியுங்கள்.

எட்டாம் படி: மாடியை விட்டு இறங்குங்கள்

கடைசியாகக் கட்டடத்தின் உயரம். ஒரு மீட்டர் குச்சியைத் தரையில் நேராக நிறுத்துங்கள், நிழல் 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தில் கட்டடத்தின் நிழலைச் சுவர் அடியிலிருந்து அளந்தால் 9.6 மீட்டர். சூரியக் கதிர் இரண்டுக்கும் ஒரே சாய்வில் விழுகிறது, சுவரும் குச்சியும் செங்குத்து, கோ-கோ. 9.6-ஐ 0.8-ஆல் வகுத்தால் 12 மீட்டர். காலையிலோ பிற்பகலிலோ செய்யுங்கள். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், அந்த நேரத்தில் டேப்பை எடுத்துக்கொண்டு போனால் அளக்க நிழலே இருக்காது.

மேகம் என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி. தரையில் சமமாகப் படுக்க வைத்து, கட்டடத்தின் உச்சி கண்ணாடியின் நடுவில் தெரியும் வரை பின்னால் நகருங்கள். ஒளி வந்த கோணத்திலேயே திரும்பிப் போவதால் இங்கேயும் கோ-கோ. கண்ணாடியிலிருந்து சுவர் 8 மீட்டர், கண்ணாடியிலிருந்து நீங்கள் 1 மீட்டர், கண் உயரம் 1.5 மீட்டர் என்றால் கட்டடம் 12 மீட்டர்.

நாங்கள் செய்தபோது நிழல் முறையில் 12, கண்ணாடி முறையில் 12.8 வந்தது. பிள்ளைகள் கண்ணாடியைக் குறை சொன்னார்கள், சமமாக வைக்கவில்லை, தரை மேடு என்று ஒரே சத்தம். கணக்கு எழுதிய பெண் எட்டாம் வகுப்பு, கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கண்ணாடியில் உச்சியைப் பார்த்த பையனிடம், "அண்ணா, உனக்குக் கண்ணு தலைமேலயா இருக்கு?" என்றாள். கண் உயரத்துக்குப் பதிலாக அவனுடைய மொத்த உயரம் 1.6 மீட்டரைப் போட்டிருந்தார்கள்.